வீட்டுக் கணினியின் சாவி யார் கையில்?

சென்ற வாரம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள என் பழுதுபார்க்கும் கடைக்கு ஓர் அக்கா மகனையும் மடிக்கணினியையும் கூட்டிக்கொண்டு வந்தார். கணவருக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை. மிகுநேர வேலைக் காசைச் சேர்த்து வாங்கிய கணினி அது. பையன் இணையத்திலிருந்து இலவச விளையாட்டு ஒன்றை இறக்கியிருக்கிறான். 'நிர்வாகியாக இயக்கு' என்று அதனுடன் வந்த குறிப்பு சொன்னது. திரை மங்கியது, மஞ்சள் பட்டையோடு ஒரு கேள்வி, 'வெளியீட்டாளர்: தெரியவில்லை'. 'ஆம்' என்று அழுத்திவிட்டான். என்னிடம் வந்தபோது வைரஸ் தடுப்பு செயலிழந்து கிடந்தது. எஸ்.பி.எம். தேர்வுக்கான பாடக் குறிப்புகள் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

பையன் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரே ஒரு கணக்கு, அதுவும் கணினியில் எதையும் மாற்ற உரிமையுள்ள நிர்வாகிக் கணக்கு, கடவுச்சொல்லும் கிடையாது என்று அமைத்து விற்றார்களே, அவர்கள் மேல்தான் கோபம்.

என் அப்பா தோட்டத்தில் ஸ்டோர் கிராணி. களைக்கொல்லி அறையின் சாவி எப்போதும் அவர் இடுப்பில் இருக்கும். மருந்தடிக்கப் போகிறவர்களுக்கு அன்றைய அளவை அளந்து ஊற்றிக் கொடுப்பார். சாவியை ஒருநாளும் கொடுத்ததில்லை. கணினியில் ஓடும் ஒரு நிரலுக்கு (புரோகிராமுக்கு) அதன் வேலைக்குத் தேவையான உரிமை மட்டுமே போதும் என்று 1975-இல் சால்ட்சர், ஷ்ரோடர் என்ற கணினி அறிஞர்கள் எழுதினார்கள். படித்தபோது எனக்கு அப்பாவின் அளவுக் குவளைதான் நினைவுக்கு வந்தது.

நிர்வாகி உரிமையோடு ஓடும் நிரல் இயங்குதளக் கோப்புகளை மாற்றலாம், கணினியிலுள்ள எல்லாருடைய கணக்கிலும் கை வைக்கலாம். அது தொடங்கிவிடும் மற்ற நிரல்களுக்கும் அதே உரிமை போகும். 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் பெரும்பாலான வீடுகளில் எல்லாமே இப்படித்தான் ஓடின. 2007-இல் அடுத்த பதிப்பான விண்டோஸ் விஸ்டா கடைகளுக்கு வந்தபோதுதான் அந்த அனுமதிக் கேள்வி வந்தது. தொல்லை என்று பலரும் அதை அணைத்து வைத்தார்கள். அது பெரிய தவறு.

பிள்ளைக்குச் சாதாரணக் கணக்கு ஒன்று திறந்து கொடுங்கள். அப்போது வெறும் 'ஆம்' போதாது, நிர்வாகியின் கடவுச்சொல்லையும் கேட்கும். அவனுடைய சொந்தக் கோப்புகளை இதுவும் முழுதாகக் காக்காது; அதற்குத் தனிப்பிரதி எடுத்து வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் அழித்து, புதிதாக இரண்டு கணக்குகள் அமைத்தேன். கடவுச்சொல்லை அக்காவையே தட்டச்சு செய்யச் சொன்னேன். ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடினார். பாதியில் நிறுத்தி, "நீ அந்தப் பக்கம் திரும்பு" என்றார் மகனிடம்.