கட்டிங் டிஸ்க் வைக்கிற இடமா அது?

சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் டூல்பாக்ஸைத் திறந்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. சுத்தியல், ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் அடியில் நசுங்கிக் கிடக்கிறது, கை கிரைண்டர் மெஷினில் மாட்டி இரும்பு வெட்டுகிற 4 அங்குல கட்டிங் டிஸ்க். கனம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் அதில் விழுந்திருந்தால், நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும்போது அது யார் முகத்தில் போய் நிற்கும்?

சிலர் கண்டெய்னர் தரையிலேயே போட்டுவிடுகிறார்கள். சிங்கப்பூர் ஈரம் தெரியாதா? டிஸ்கைச் சேர்த்துப் பிடித்திருப்பதே ரெசின் என்கிற பசைதான், ஈரம் ஏறினால் வலுவிழக்கும். நடுவில் இருக்கிற உலோக வளையத்தில் காலாவதி மாதமும் வருடமும் பொறித்திருக்கிறது. யார் பார்க்கிறார்கள்? “புதுசு மாதிரிதானே இருக்கு அண்ணே” என்கிறான் ஒரு தம்பி.

இதையெல்லாம் விட வயிற்றெரிச்சல், டிஸ்கை மறைத்து நம்மைக் காக்கிற மூடியை, அதாவது கார்டை (guard), கழற்றுவது. எதற்கு? 7 அங்குல டிஸ்கைச் சின்ன கிரைண்டரில் மாட்ட! நடு ஓட்டைகூடப் பொருந்தாது, அதற்கும் ஒரு வளையத்தைச் செருகிவிடுகிறார்கள். டிஸ்கில் 8,500 சுற்றுதான் உச்சம் என்று எழுதியிருக்கிறது. மெஷினோ 11,000, 12,000 ஓடுகிறது. சொன்னால், “சீக்கிரம் வெட்டிடலாம்ண்ணே” என்று பதில்.

சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டேன். காய்ந்த இடத்தில் ஒரு தட்டு போதும், மெல்லிய டிஸ்குகளைப் படுக்கையாக அடுக்கலாம், பழையதை முதலில் எடுக்கலாம். அப்புறம் பார்ப்போம் என்றார். இன்னும் தட்டு வரவில்லை.