பார்வைக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் தரமான யூனிகோடின் 3.0 பதிப்பில் 1999-இல் சேர்ந்ததோடு மங்கோலிய எழுத்தின் சிக்கல் தீர்ந்துவிட்டது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எங்கே தீர்ந்தது? அங்கே எண் கொடுத்தது வடிவத்துக்கு அல்ல, ஒலிப்புக்கு. ‘ஒ’வும் ‘உ’வும் எழுதினால் ஒரே சுழிதான், ஆனால் பதினறும எண்களில் 1823, 1824 என்று தனித்தனிக் குறியீடுகள். விசை மாறித் தட்டினாலும் திரையில் சொல் அச்சு அசலாக அப்படியே தெரியும். அப்புறம் தேடினால் கிடைக்காது! மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தாலும் பிடிபடாது. போதாக்குறைக்கு, எழுத்தின் மாற்று வடிவத்தை வரவழைக்கக் கண்ணுக்குத் தெரியாத குறிகள் மூன்று. 2021-இல் நான்காவதும் வந்தது. மேலிருந்து கீழாக எழுதுவதைத்தான் பெரிய தலைவலி என்கிறார்கள். என்னைக் கேட்டால் அது சின்ன விஷயம்.