இல்லாத விமானத்துக்கு 15 மணி நேரமாம்!

சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு எவ்வளவு நேரம் என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். சுமார் 13,400 கி.மீ., 15 மணி நேரம் என்று கூசாமல் போட்டிருப்பார்கள். சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு நேரடி விமானமே கிடையாது! இல்லாத விமானத்துக்கு எந்தக் கணக்கில் நேரம் சொல்கிறீர்கள்?

கணக்கு இவ்வளவுதான். பூமி உருண்டையின் மேல் இரண்டு ஊருக்கும் நடுவில் இருப்பதிலேயே குட்டையான கோட்டை இழுக்க வேண்டியது, மணிக்கு 900 கி.மீ. என்று வகுக்க வேண்டியது. அந்தக் கோடு ரஷ்யாவுக்கு மேலே ஏறி, கிரீன்லாந்தைத் தாண்டி இறங்குகிறது. நம் ஊர் ஜனங்கள் துபாய், தோஹா, லண்டன், பிராங்க்பர்ட் என்று மாறித்தான் போகிறார்கள். துபாய் வழியென்றால் முதலில் நாலு மணி நேரத்துக்கு மேல், அப்புறம் கிட்டத்தட்ட 14 மணி நேரம். நடுவில் காத்திருப்பது தனி. மூன்று மணி நேரம் முன்னாடியே விமான நிலையத்தில் நிற்க வேண்டும், அதுவும் தனி. வீட்டு வாசலிலிருந்து வாசல் வரை ஒரு முழு நாளைத் தாண்டிவிடும்.

என் அம்மாவுக்குச் சர்க்கரை, முட்டிவலி வேறு. 15 மணி நேரம்தானே என்று மாத்திரையையும் சாப்பாட்டையும் பிரித்து வைத்துவிட்டார். டிக்கெட்டைப் பார்த்தாவது புரியுமா என்றால் அதுவும் இல்லை. அதில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். கோடையில் டொராண்டோ நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். இரவு 9 மணிக்குக் கிளம்பி மறுநாள் மாலை 4 மணிக்கு இறங்குவதாக இருந்தால் பார்க்க 19 மணி நேரம், உடம்புக்கு இருபத்தெட்டரை! வயசானவர்கள் இதையெல்லாம் உட்கார்ந்து கூட்டிக் கழிக்க வேண்டுமா?

நேரடி விமானம் இருக்கும் ஊர்களுக்காவது சரியாகச் சொல்கிறார்களா? பின்லாந்தின் ஹெல்சின்கிக்கும் டோக்கியோவுக்கும் நடுவில் உள்ள தூரம் மாறவே இல்லை. ஆனால் 2022-இல் நடுவில் இருக்கும் ரஷ்யாவின் வான்வெளி மூடியதும் சுற்றிப் போக வேண்டியதாகி, ஒன்பதரை மணி நேரமாக இருந்த பயணம் 13 மணி நேரம் ஆகிவிட்டது. காற்றும் சும்மா இருக்காது. 2020 பிப்ரவரியில் ஒரு விமானம் பின்னாலிருந்து தள்ளும் வால்காற்றின் தயவில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஐந்து மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தது. எதிர்த்திசையில் போக வழக்கமாக ஏழு, எட்டு மணி நேரம் ஆகிற வழி அது. போகவும் வரவும் ஒரே நேரம் என்று போட எப்படி மனசு வருகிறது?

நேரடி விமானம் இல்லை என்ற ஒரு வரியை முதலில், பெரிய எழுத்தில் போடுங்கள். அதற்குக்கூட முடியாதென்றால் தூரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நேரத்தைச் சொல்லாதீர்கள்.