நுழைவு இலவசம் சரி, கூத்துக்காரரும் இலவசமா?

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். சனிக்கிழமை ராத்திரியிலிருந்து பதினோரு பேர் அனுப்பிவிட்டீர்கள். "இலவச விழாவில் காசு கேட்டு கூத்துக்காரர்கள் தகராறு" என்று தலைப்பு வேறு. மொத்தமே நாற்பது நொடி. கூத்துக் குழுவின் தலைவரான வாத்தியார் கையை நீட்டிப் பேசுகிறார், விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் சிரிக்கிறார், முடிந்தது. அதற்கு முந்தைய ஆறு மணி நேரத்தை எடுக்க யார் போனிலும் சார்ஜ் இல்லை போலிருக்கிறது.

சொல்ல வந்தது ஒன்றுதான். நுழைவுதான் இலவசம். கலைஞர் இலவசம் இல்லை. இது புரியாமல் நம்ம ஊரில் மூன்று நாள் இசை, கலை விழா நடத்தி என்ன பிரயோஜனம்?

வீடியோவில் இல்லாததைச் சொல்கிறேன். ஜமாவில், அதாவது அந்தக் கூத்துக் குழுவில், பதினாலு பேர். எழுபது கிலோமீட்டர் தள்ளியிருந்து வேன் பிடித்து மதியம் மூன்று மணிக்கே வந்து இறங்கினார்கள். பேசின தொகை 18,000. வேன் வாடகையே 4,500. மீதியைப் பதினாலால் வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு ஆயிரம்கூட வராது. இன்றைக்கு ஒரு கொத்தனாரை இந்தக் கூலிக்கு ராத்திரி வேலைக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். முன்பணம் எதுவும் தரவில்லை. வெற்றிலை பாக்கில் அச்சாரம் வைத்தால்தான் ஜமா கிளம்பும் என்பது பழைய வழக்கம். "நம்ம ஊர் விழா, நம்பி வாங்க" என்றார்கள், நம்பி வந்தார்கள்.

ஆட்டம் எட்டு மணிக்கு என்று நோட்டீஸில் போட்டிருந்தது. கட்டை வேஷம், அதாவது மரக்கட்டை அணிகள் பூட்டும் வேஷம் என்றால் முகம் எழுதி, இடுப்பில் துணி சுற்றி, புஜக்கட்டை, மார்ப்பதக்கம், கிரீடம் எல்லாம் ஏற்றி இறுக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கயிறு போட்டு இறுக்கியபின் உட்காரவும் முடியாது, எளிதாகச் சிறுநீர் கழிக்கவும் போக முடியாது. அதனால் எப்போது மேடை ஏறுகிறோம் என்பது கூத்துக்காரருக்கு உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம். எட்டு மணிக்குத் தயாராக நின்றவர்களை ஒன்பது இருபத்தைந்துக்கு ஏற்றினார்கள்.

இடையில் என்ன நடந்தது? பொன்னாடை. முப்பத்தெட்டு பேருக்கு. பேரைச் சொல்லி, அவர் எழுந்து, வேட்டியைச் சரிசெய்து, மேடை ஏறி, போர்த்தி, போட்டோவுக்குத் திரும்பி நின்று இறங்க ஆளுக்கு ஒரு நிமிஷம் என்றாலும் கணக்கு உங்களுக்கே தெரியும். ஒரு பொன்னாடை 150 ரூபாய். முப்பத்தெட்டுக்கு 5,700. ராத்திரி வாத்தியார் கையில் கொடுத்தது 3,000, கூடவே ஒரு பொன்னாடை. "மீதி வசூல் வந்ததும் பாத்துக்கலாம்." அந்தத் தகராறு இதுதான்.

அன்றைக்குக் கதை பகடை துகில், சூதாட்டத்தில் தோற்று திரௌபதி சேலையை உரியும் பாரதக் கதை. கதையை அறிவிக்கும் கோமாளியான கட்டியங்காரன் வந்தான், திரை பிடித்தார்கள், சிவப்பு முகத்தோடு துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்து வெளியே வந்தான். ஒன்பது ஐம்பதுக்கு மைக்கை ஆஃப் செய்தாயிற்று. சகுனி வரவில்லை, சபை கூடவில்லை, திரௌபதி வேஷம் கட்டியவர் திரைக்கே வரவில்லை. அன்று ராத்திரி மேடையில் வளர்ந்துகொண்டே போன சேலை பொன்னாடை மட்டும்தான்.

"பத்து மணிக்கு மேல் மைக் கூடாது, அது சட்டம் சார்" என்று ஒருவர் கமெண்டில் பாடம் எடுக்கிறார். தெரியும் ஐயா. ஒலி மாசு விதிகள் 2000-த்தில் வந்தன. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக வருஷத்தில் பதினைந்து நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. இது நேற்று ராத்திரி வந்த சட்டமா? கால் நூற்றாண்டாக இருக்கிறது. பத்து மணி என்று தெரிந்தால் பத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கினாலும் இரண்டு மணி நேரமாவது வேண்டும். அப்படியானால் ஏழரைக்குத் திரை பிடிக்க வேண்டும். ஏழுக்குள் பேச்சு முடிய வேண்டும். வேஷம் கட்ட நாலரைக்கே உட்கார வேண்டும், அதற்கு மூடிய அறை, கண்ணாடி, நல்ல வெளிச்சம், இரண்டு குடம் தண்ணீர் வேண்டும். கொடுத்தது பள்ளிக்கூடத்து சைக்கிள் ஷெட். பொன்னாடையை மறுநாள் காலையில் போர்த்தினால் சரிகை மங்கிவிடுமா?

"இலவச விழாவுக்கு எங்கிருந்து பணம் வரும்" என்பது ஒன்றுதான் மதிக்கத்தக்க கேள்வி. அதற்குப் பதில் சொல்கிறேன், பொறுமையாக.

நம்ம பக்கத்து திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்துக்கு என்றைக்காவது டிக்கெட் கிழித்திருக்கிறார்களா? பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து, பத்து ராத்திரி போல. அர்ச்சுனன் தபசுக்கு மரம் நடுகிறார்கள், கடைசியில் துரியோதனன் சாகும் படுகளத்துக்கு மண்ணாலான அவன் உருவத்தைக் கிடத்துகிறார்கள், தீமிதி நடக்கிறது. பார்க்கிறவனுக்கு எல்லாம் இலவசம். ஆனால் தலைக்கட்டு வரி உண்டு. வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர் கூடிப் போடும், கொடுக்காதவன் பேரை நோட்டில் எழுதி வைக்கும். நெல் வித்தவன் கொஞ்சம் கூடப் போடுவான், வெளியூர் போனவன் பணம் அனுப்புவான். ஜமாவுக்கு அந்தப் பணத்திலிருந்து கூலி போகும், ராத்திரிச் சோறு ஒரு வீட்டில், காலைக் காப்பி இன்னொரு வீட்டில். நம் தாத்தாக்கள் கண்டுபிடித்த இலவசம் அது. ஊர் முன்னாலேயே கொடுத்துவிடும், ஆட்டத்தின்போது கூலிக்காக யாரும் கையேந்த வேண்டியதில்லை. நம்ம கமிட்டி கண்டுபிடித்த இலவசத்தில் ஊர் கொடுக்காது, ஆடியவனே கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

சரி, பணம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஜெனரேட்டர்காரருக்கு எப்படி இருந்தது? முன்பணம் கொடுக்காமல் வண்டியை இறக்கமாட்டேன் என்றார், கொடுத்தார்கள். பேனர்காரருக்குக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மெல்லிசைக் குழுவுக்குப் பாதி முன்னால், பாதி மேடை ஏறுவதற்கு முன்னால். அவர்கள் கேட்டது சரிதான், குறை சொல்லவில்லை. கூத்துக்காரரிடம் மட்டும் கலைச் "சேவை" என்கிறீர்களே, அந்த வார்த்தை அங்கே ஏன் வரவில்லை என்றுதான் கேட்கிறேன். கீபோர்டு வாசித்தால் தொழில், கூத்தில் முகவீணைக் குழல் ஊதினால் சேவையா?

இங்கேதான் திருவையாறு வருகிறது. வரும் என்று தெரியும். "பெரிய பெரிய வித்வான்களே தியாகராஜர் ஆராதனையில் காசு வாங்காமல் பாடுகிறார்களே." ஆமாம், பாடுகிறார்கள். 1847-ல் சமாதியான ஒரு மனிதருக்கு, அவர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமியில், நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகத்தில் அவர் செய்த பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை வரிசையாக உட்கார்ந்து பாடுகிறார்கள். அது குருவுக்குக் கொடுக்கும் அஞ்சலி. தான் போய், தானாகச் செய்வது. கமிட்டி போன் போட்டு "எட்டு மணிக்கு வாங்க, நோட்டீஸ்ல பேர் போட்டாச்சு" என்று வரவழைப்பது இல்லை. அங்கே பாடுகிறவருக்கு மார்கழியில் சென்னையில் கச்சேரி இருக்கிறது. நம்ம ஜமாவுக்கு அது போல என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. அந்த இலவசத்துக்கும் ஒருத்தி விலை கொடுத்திருக்கிறாள். இடிந்து கிடந்த சமாதிக்கு 1920களில் தன் சொந்தக் காசைப் போட்டு இடம் வாங்கிக் கட்டியது பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். அவ்வளவும் செய்த அம்மாவை, பெண் என்பதால் அங்கே பாட விடவில்லை. தனியாகப் பெண்கள் கோஷ்டி சேர்த்து ஆராதனை நடத்தினார். தனித்தனியாக ஆராதனை நடத்திய கட்சிகள் ஒன்றாகி எல்லாரும் சேர்ந்து பாட 1940 ஆயிற்று. இலவசம் என்று சொல்லும்போது யாருடைய காசு, யாருக்கு மேடை என்று இரண்டையும் கேட்டுப் பழகுங்கள்.

மெலட்டூர் பாகவத மேளம் என்ற நாட்டிய நாடகத்தையும் ஒருவர் இழுத்திருக்கிறார். அங்கே ஆடுகிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள், தங்கள் சாமிக்குத் தாங்களே ஆடுகிறார்கள். நம்ம கமிட்டியும் வேஷம் கட்டி ஆடட்டும், ஒரு ரூபாய் கேட்கமாட்டேன். முன் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பேன்.

"அவங்களுக்கும் விளம்பரம்தானே." எந்த விளம்பரம்? நோட்டீஸில் ஜமா பேரைக்கூடப் போடவில்லை. "மாபெரும் தெருக்கூத்து" என்று போட்டிருந்தது. கீழே நன்கொடையாளர் பேர் நாற்பது.

"கூத்துக்குக் கூட்டம் வராது." ஒன்பதரைக்குப் பிறகும் தரையில் உட்கார்ந்திருந்த பெண்களை நீங்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான். திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையில் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரான் நினைவாக வருஷா வருஷம் விழா நடக்கிறது. டிக்கெட் கிடையாது. ராத்திரி முழுக்க ஜனம் உட்கார்ந்திருக்கிறது.

இந்த விழாவில் பணத்தைத் தாண்டியும் ஒன்று உறுத்துகிறது. கூத்துக்கு என்ன வேண்டும் என்று ஜமாவை யாரும் கேட்கவில்லை. பலகை மேடை போட்டு அதன்மேல் பச்சைக் கம்பளத்தை விரித்தார்கள். கூத்தில் சுற்று வரும்போது கால் மண்ணைப் பிடிக்க வேண்டும். கம்பளம் சுருண்டால் வேஷக்காரர் விழுவார், கட்டையோடு விழுந்தால் கையை ஊன்றவும் முடியாது. வெறும் பலகையோ சலங்கைச் சத்தத்தை விழுங்கிவிட்டுத் 'தொம் தொம்' என்கிறது. மேடையே வேண்டாம். மைதானத்தில் தண்ணீர் தெளித்து இறுக்கிய மண்தரை, பின்னால் ஒரு பெஞ்சு, மூன்று பக்கம் ஜனம், அது போதும். காசும் மிச்சம்.

மைக் அதைவிட மோசம். ஸ்டாண்டில் இரண்டு மைக்கை முன்னால் நட்டுவிட்டார் சவுண்ட் சர்வீஸ் தம்பி. துரியோதனன் ஒரு சுற்று சுற்றியதும் புஜக்கட்டை பட்டு ஒரு ஸ்டாண்ட் சாய்ந்தது, உடனே கீச்சென்று அலறல். இந்த ஆட்டத்துக்கு மைக் மேலிருந்து தொங்க வேண்டும். குறுக்குக் கம்பு கட்டி, கிரீடத்தின் உச்சியில் இடிக்காத உயரத்தில் முன்னால் ஒன்று, பின்பாட்டுக்கும் ஆர்மோனியத்துக்கும் பெஞ்சு பக்கம் ஒன்று. முகவீணைக்குத் தனி மைக் வேண்டியதில்லை, அதன் குரல் தானே கிழித்துக்கொண்டு போகும். அன்றைக்கு மெல்லிசைக்கு வைத்திருந்த பேஸை அப்படியே விட்டிருந்ததால் மத்தளம் இடிபோலக் கேட்டது, பாட்டு ஒரு வார்த்தை புரியவில்லை. தம்பியைத் திட்டிப் பயனில்லை. நாலு மணிக்கு ஒரு பத்து நிமிஷம் ஜமாவை நிறுத்திப் பாட வைத்துப் பார்த்திருந்தால் முடிந்த வேலை. அந்தப் பத்து நிமிஷத்தில் மேடைக்குப் பூத்தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பறைக்கும் இதே கதைதான், அதற்கு வீடியோ வரவில்லை என்பதால் யாருக்கும் தெரியாது. தைப் பனியில் தோல் நெகிழ்ந்துவிடும். தீயில் காய்ச்சாமல் அடித்தால் சிம்புக்குச்சி என்ற மெல்லிய பறைக்குச்சி எவ்வளவு சுறுசுறுப்பாக விழுந்தாலும் 'டொப்' என்றுதான் கேட்கும். பையன்கள் மேடைக்குப் பின்னால் வைக்கோலைக் கொளுத்தியதும் பேனர் எரிந்துவிடும் என்று ஒருவர் ஓடிவந்து வாளித் தண்ணீரை ஊற்றினார். பயம் நியாயம்தான், கொட்டகைத் துணி பக்கத்தில் தீ கூடாது. அதற்கு வழி இருக்கிறது. இருபது அடி தள்ளி இரும்புச் சட்டியில் கங்கு, பக்கத்தில் ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர், காவலுக்கு ஓர் ஆள். இதைக் கேட்டுச் செய்ய ஐந்து நிமிஷம். கேட்க மனசு வரவில்லை. ஈரத்தோலில் அடித்துவிட்டு இறங்கிய பையன்களைப் பார்த்து "இன்னும் எனர்ஜி வேணும் தம்பி" என்று மைக்கில் சொன்னார் தொகுப்பாளர். அவருக்கும் பேசின தொகை முழுசாகப் போய்விட்டது.

"நீ விழாவே கூடாது என்கிறாயா" என்று கேட்கத் தயாராக இருப்பவர்களுக்கு: நடத்துங்கள், வருஷா வருஷம் நடத்துங்கள். மூன்று நாளை இரண்டாக்குங்கள், எட்டு குழுவை நாலாக்குங்கள். நாலு பேருக்கும் பேசினதைக் கொடுங்கள். எட்டு பேரைக் கூப்பிட்டுப் பாதிப் பேரை ஏமாற்றுவதைவிட அது கௌரவம். கமிட்டியில் இருப்பவர்களில் பாதிப் பேர் என் நட்பில் இருக்கிறீர்கள். கெட்டவர்கள் இல்லை, ராத்திரி பகலாக உழைத்தீர்கள், அதையும் பார்த்தேன். அதனால்தான் கோபம் கூடுதலாக வருகிறது. அன்னியர் செய்திருந்தால் இவ்வளவு நீளம் எழுதியிருக்கமாட்டேன்.

பதினோரு மணிக்கு சைக்கிள் ஷெட்டில் விளக்கை அணைத்துவிட்டார்கள். செல்போன் வெளிச்சத்தில், தேங்காய் எண்ணெய் தொட்டுப் பழைய துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். திரௌபதி வேஷக்காரருக்குத் துடைக்க அதிகம் இல்லை, வியர்க்கவே இல்லை, எழுதியது எழுதியபடி இருந்தது. மைதானத்து உணவுக் கடையில் கூப்பன் ஒன்பது மணிக்கே தீர்ந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் இந்த நேரத்துக்கு ஏதாவது கடை திறந்திருக்குமா என்று கேட்டார் வாத்தியார், பதினாலு பேருக்கு.

15,000 பாக்கி. இன்று புதன்கிழமை. வாத்தியாரின் நம்பர் கமிட்டியில் இருக்கிறது. மீதி போனதும் சொல்லுங்கள், இந்தப் பதிவின் கீழே நானே எழுதுகிறேன்.