குதிரைப் பந்தயத்தில் டோட் பலகையில் தெரியும் தொகை உறுதியானதா?

‘டோட் பலகையில் 10 ரூபாய்க்கு 80 என்று தெரியும்போது டிக்கெட் எடுத்தால் 80 ரூபாய் உறுதி.’ பாளையங்கோட்டைப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தத் தகவல் தவறு.

டோட் என்பது குதிரைமேல் பணம் கட்டும் ஒரு முறை. அதில் எல்லோருடைய பணமும் ஒன்றாகச் சேரும். கழிவும் வரியும் போக மீதியைத்தான் ஜெயித்த டிக்கெட்டுகளுக்குப் பிரிப்பார்கள். மொத்தம் 10,000 ரூபாய், பிடித்தம் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். ஜெயிக்கும் குதிரைமேல் 100 டிக்கெட் இருந்தால் டிக்கெட்டுக்கு 80 ரூபாய், சரி. கடைசி நேரத்தில் அதன்மேல் இன்னும் 300 டிக்கெட் விழுந்தால்? மொத்தம் 13,000 ஆகும். டிக்கெட்டுக்கு 26 ரூபாய்தான். முன்னாடியே வாங்கியவருக்கும் அதேதான். பந்தயத் திடலில் உரிமம் பெற்ற புக்கியிடம் (தன் பொறுப்பில் பந்தயப் பணம் வாங்குபவர்) கட்டினால் மட்டுமே கட்டும்போது பேசிய விகிதம் நிற்கும்.

அப்புறம், திருநெல்வேலியில் பந்தயத் திடலே கிடையாது. இந்தத் தகவலைக் காட்டி டீக்கடையில் யாராவது பணம் கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.