கேட்டதற்குப் பதில் எங்கே?

பதில் சொல்ல மனமில்லாதவர்களை மேடையேற்றி, கேள்வி கேட்பதுபோல் கேட்டு, பதில் வராதபோது "நன்றி" என்று சொல்லி அடுத்த தலைப்புக்குத் தாவும் இந்த நிகழ்ச்சிக்கு விவாதம் என்று பெயர் வைத்தது யார்? அமெரிக்க அதிபர் தேர்தல் வந்தாலே இரவு ஒன்பது மணிக்குத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்துவிடுகிறேன். முடியும்போது ரத்தக்கொதிப்புடன் எழுந்திருக்கிறேன். வேட்பாளர்கள் சொல்வது பிடிக்காததால் வரும் கோபம் இல்லை இது. கேட்டதற்கு அவர்கள் எதுவுமே சொல்லாததால் வரும் கோபம்.

2024 ஜூன் 27 அன்று அட்லாண்டாவில் சிஎன்என் தொலைக்காட்சி நடத்திய டிரம்ப்–பைடன் விவாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் டே கேர் போகும் வயதில் இரண்டு பிள்ளைகள். இருவர் சம்பாதிக்கும் குடும்பம்தான். ஆனாலும் ஒருவர் சம்பளத்தில் பெரும்பகுதி மாதம் பிறந்ததும் அங்கே போய்விடுகிறது. ஒருவர் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்துவிடலாமா என்று நாங்கள் பேசாத மாதம் கிடையாது. அப்படிப்பட்ட வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது நெறியாளர் ஜேக் டாப்பர் டிரம்ப்பைப் பார்த்துக் கேட்கிறார்: குழந்தைப் பராமரிப்புச் செலவு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 11,000 டாலரைத் தாண்டிவிட்டது. பல குடும்பங்களுக்கு இரண்டு பிள்ளைகளுக்கான செலவு வீட்டு வாடகையைவிட அதிகம். மீண்டும் பதவிக்கு வந்தால் இதைக் குறைக்க என்ன செய்வீர்கள்?

அப்பாடா, யாரோ ஒருவர் கேட்டுவிட்டார் என்று நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

வந்த பதில் என்ன தெரியுமா? முந்தைய சண்டையின் பாக்கி. ஒரு ஜெனரலை ஏன் வேலையைவிட்டு அனுப்பினேன், எஃப்பிஐ இயக்குநராக இருந்த ஜேம்ஸ் கோமியை ஏன் அனுப்பினேன், எதிரே நிற்பவர் எவ்வளவு மோசமான அதிபர். குழந்தை என்ற சொல்லுக்கே இடமில்லை. பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்கு விலை சொல்வார்கள் என்பார்களே, அதுதான். அடுத்து, அப்போது அதிபராக இருந்த பைடன். அவராவது கேள்வியைப் பிடித்துக்கொள்வார் என்று பார்த்தால், யார் மோசமான அதிபர் என்று வரலாற்று அறிஞர்கள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா என்பதில் தொடங்கினார். பிறகு வரிச்சலுகையைக் கூட்ட வேண்டும், நிறுவனங்களே பராமரிப்பு வசதி செய்துதர ஊக்குவிக்க வேண்டும் என்று இரண்டு மூன்று வாக்கியம். எவ்வளவு கூட்டுவார், எப்போது, அதற்குப் பணம் எங்கிருந்து வரும், ஒன்றும் இல்லை. டிரம்ப்புக்கு மறுபடியும் ஒரு நிமிடம் கிடைத்தது. அதிலும் பழைய வசைதான். பிறகு நெறியாளர்கள் போதைப்பொருள் பிரச்சினைக்குப் போய்விட்டார்கள்.

கேள்வியில் குறை இல்லை, நன்றாகவே தயாரித்திருந்தார்கள். 11,000 டாலர் என்ற எண்ணைத் தேடி எடுத்து, வாடகையோடு ஒப்பிட்டு, ஒரே மூச்சில் புரியும்படி கேட்டார்கள். அவ்வளவு சிரமப்பட்டுத் தயாரித்த கேள்வியைப் பதிலே வாங்காமல் எப்படிக் கைவிட மனம் வருகிறது? "அதிபரே, நான் கேட்டது குழந்தைப் பராமரிப்பைப் பற்றி" என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்?

நேரம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அதே மேடையில் கோல்ஃப் ஆட்டத்துக்கு நேரம் இருந்தது. வயதைப் பற்றிய கேள்விக்கு, தான் வென்ற கோல்ஃப் கோப்பைகளைப் பற்றி டிரம்ப் பெருமையடிக்க, தன் கோல்ஃப் திறமையைப் பற்றிப் பைடன் பெருமையடிக்க, ஒரு நாட்டின் எதிர்காலத்தைக் கையில் வைத்திருக்கும் இரண்டு முதியவர்கள் யாருக்குப் பந்து தூரம் போகும் என்று வாதாடினார்கள். "சிறுபிள்ளைகள்போல் நடந்துகொள்ள வேண்டாம்" என்று ஒருவர், "நீர்தான் சிறுபிள்ளை" என்று மற்றவர். பிள்ளைகளைப் பற்றி அந்த இரவு நான் கேட்டது பெரும்பாலும் இதுதான்!

மறுநாள் ஊரெல்லாம் பைடனின் கரகரத்த குரலையும், பாதியில் நின்றுபோன வாக்கியங்களையும் பேசியது. பேசட்டும், அது முக்கியம்தான். அதன் விளைவாகத்தான் ஜூலை 21 அன்று அவர் போட்டியிலிருந்தே விலகினார். ஆனால் கேட்கப்பட்டுக் கைவிடப்பட்ட கேள்விகளைப் பற்றி என் காதில் விழுந்த ஒரு பேச்சும் இல்லை.

ஒரு கட்சிக்காரனாக இதை எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். செப்டம்பர் 10 அன்று பிலடெல்பியாவில் ஏபிசி தொலைக்காட்சி நடத்திய விவாதத்தில் நெறியாளர் டேவிட் மியூர் கேட்ட முதல் கேள்வியே, பைடனுக்குப் பதிலாக டிரம்ப்பை எதிர்த்து நின்ற அப்போதைய துணை அதிபர் கமலா ஹாரிஸுக்குத்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட அமெரிக்கர்கள் இன்று நல்ல நிலையில் இருக்கிறார்களா? இது ஒன்றும் எதிர்பாராத கேள்வி இல்லை. 1980இல் கிளீவ்லாந்து மேடையில் ரீகன் மக்களைப் பார்த்துக் கேட்டு, அப்போதைய அதிபர் கார்ட்டரைத் தோற்கடித்த அதே கேள்வி. பதவியில் இருக்கும் கட்சி எதுவானாலும் இதற்குப் பதிலோடுதான் வர வேண்டும். ஹாரிஸ் என்ன சொன்னார்? நான் நடுத்தரக் குடும்பத்தில் வளர்ந்தவள் என்று தொடங்கி, சிறு தொழில் தொடங்குவோருக்குச் சலுகை, வாய்ப்புகளின் பொருளாதாரம் என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்து முடித்துவிட்டார். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "சிலருக்கு ஆம், பலருக்கு இல்லை, காரணம் இது" என்று சொல்லியிருந்தால்கூட அந்த நேர்மைக்காகவே மதித்திருப்பேன். மியூரும் விட்டுவிட்டார். நிகழ்ச்சியின் முதல் கேள்விக்கே இந்தக் கதி.

அதே இரவு டிரம்ப்பிடம் உக்ரைன் வெல்ல வேண்டும் என்று விரும்புகிறீர்களா என்று கேட்டார்கள். போர் நிற்க வேண்டும் என்றார். மறுபடி கேட்டார்கள். போரை முடித்துவைப்பதுதான் நல்லது என்று மறுபடியும் நழுவினார். இங்கே மட்டும் நெறியாளரைப் பாராட்டுவேன். இரண்டாவது முறை கேட்டதால்தான், இவர் இதற்குப் பதில் சொல்ல மாட்டார் என்பது நமக்கு உறுதியாகத் தெரிந்தது. பதில் சொல்லாததும் ஒரு தகவல். ஆனால் அது தகவலாவது அடுத்த முறை கேட்டால்தான்.

மருத்துவக் காப்பீட்டிலும் அதுதான் நடந்தது. ஒபாமா காலத்துக் காப்பீட்டுச் சட்டத்துக்குப் பதிலாக உங்களிடம் திட்டம் இருக்கிறதா என்று இன்னொரு நெறியாளர் லின்சி டேவிஸ் கேட்டார். சுற்றி வளைத்தார் டிரம்ப். ஆம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள், இன்னும் உங்களிடம் திட்டம் இல்லைதானே என்று டேவிஸ் மறித்தார். அப்போதுதான், தன்னிடம் இருப்பது திட்டத்துக்கான யோசனைகள்தான் என்ற வாக்குமூலம் வெளியே வந்தது. நான்கு ஆண்டுகள் ஆட்சியில் இருந்து, மூன்றாவது தேர்தலில் நிற்கும் ஒருவர் சொன்ன பதில் அது! ஒரு வாக்காளனுக்கு அந்த 90 நிமிடத்தில் கிடைத்த மிகப் பயனுள்ள வாக்கியம் அதுதான். அதைப் பிடுங்கியெடுத்தது ஒரே ஒரு துணைக்கேள்வி. அட்லாண்டாவிலும் தேர்தல் முடிவை ஏற்பீர்களா என்று இன்னொரு நெறியாளரான டேனா பாஷ் டிரம்ப்பிடம் திரும்பத் திரும்பக் கேட்டதால்தான், தேர்தல் நியாயமாக நடந்தால் ஏற்பேன் என்ற நிபந்தனைப் பதிலாவது வந்தது. விடாமல் கேட்கத் தெரிந்தவர்களே குழந்தைப் பராமரிப்பு என்று வந்ததும் ஏன் விட்டுவிட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய வித்தையும் இல்லை. 1976இல் கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று அதிபர் ஃபோர்டு சொன்னபோது, கேள்வி கேட்ட பத்திரிகையாளர் மேக்ஸ் ஃபிராங்கல் தான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று அங்கேயே மறுபடி கேட்டார். ஃபோர்டு திருத்திக்கொள்ளவில்லை, அதையே விரித்துச் சொன்னார். சோவியத் பிடியில் போலந்து அந்த நாளில் இருந்த நிலை உலகுக்கே தெரியும். தங்கள் அதிபர் அதை எப்படிப் பார்க்கிறார் என்பது அன்று மக்களுக்குத் தெரிந்தது.

பிறகு ஏன் இப்படி? நோய் மேடையில் இல்லை, மேடைக்கு முன் நடக்கும் பேரத்தில் இருக்கிறது. 1976 முதல் 1984 வரை இந்த அதிபர் விவாதங்களை நடத்தியது கட்சி சாராத அமைப்பான பெண் வாக்காளர்கள் கழகம். 1988இல் இரண்டு பிரச்சாரக் குழுக்களும் தங்களுக்குள் பேசி முடித்த நிபந்தனைகளைக் கொண்டுவந்து நீட்டியபோது, இது அமெரிக்க வாக்காளருக்குச் செய்யும் மோசடி, இதற்கு நாங்கள் துணைபோக மாட்டோம் என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டு அந்தக் கழகம் விலகிக்கொண்டது. முதுகெலும்பு என்றால் அது! அதற்குப் பிறகு பொறுப்பு, இரண்டு கட்சித் தலைவர்களும் சேர்ந்து 1987இல் உருவாக்கிய ஆணையத்தின் கைக்குப் போனது. 2024இல் அந்த ஆணையத்தையும் ஓரங்கட்டிவிட்டு, பிரச்சாரக் குழுக்களும் தொலைக்காட்சி நிறுவனங்களும் நேரடியாகவே பேசி முடித்துக்கொண்டன. பரீட்சை எழுதுபவர்களே வினாத்தாளின் விதிகளைத் தீர்மானித்தால், கண்காணிப்பாளர் எப்படிக் கண்டிப்பாக இருப்பார்?

அந்த விதிகளைத்தான் பாருங்கள். அட்லாண்டாவில் பதிலுக்கு இரண்டு நிமிடம், மறுப்புக்கு ஒரு நிமிடம். 1960இல் கென்னடியும் நிக்சனும் சிகாகோவில் முதன்முதலாகத் தொலைக்காட்சி விவாதத்தில் நின்றபோது, தொடக்க உரைக்கு மட்டுமே ஆளுக்கு எட்டு நிமிடம் இருந்தது. எட்டு நிமிடம் வெறும் வசையை வைத்துக்கொண்டு நிரப்ப முடியாது, சரக்கு வேண்டும். இரண்டு நிமிடத்தை யார் வேண்டுமானாலும் ஓட்டிவிடலாம். பயிற்சியாளர்கள் சொல்லிக்கொடுப்பதும் அதைத்தான்: கேள்வியில் வரும் ஒரு சொல்லைப் பிடி, உன் பேச்சுக்குத் தாவு, நேரம் முடியும்வரை நிறுத்தாதே.

2020 செப்டம்பரில் கிளீவ்லாந்தில் டிரம்ப்பும் பைடனும் ஒருவர் பேச்சில் மற்றவர் புகுந்து கத்தித் தீர்த்ததைப் பார்த்த பிறகு, மைக்கை அணைப்பதே மருந்து என்று கண்டுபிடித்தார்கள். 2024இல் அணைத்தும் பார்த்தாயிற்று. அரங்கில் பார்வையாளர்களும் இல்லை. சத்தம் குறைந்தது, உண்மை. மழுப்பல் குறையவில்லை. குறுக்கே பேசினால் மைக் அணையும். கேட்டதற்குப் பதில் சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது.

இதில் பார்வையாளர்களாகிய நம் மீதும் எனக்குக் கோபம் உண்டு. 1992இல் ரிச்மண்டில் பொதுமக்களே கேள்வி கேட்ட விவாதம் நடந்தது. அதைப் பற்றிப் பேசும் எல்லோரும் சொல்வது, அதிபராக இருந்த மூத்த புஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார் என்பதைத்தான். அந்த நேரத்தில் ஒரு பெண் எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்த கேள்வி என்ன என்று கேட்டுப் பாருங்கள், பத்தில் ஒருவர் சொன்னால் ஆச்சரியம். நாட்டின் கடன் உங்கள் சொந்த வாழ்க்கையை எப்படிப் பாதித்திருக்கிறது, பாதிக்கவில்லை என்றால் சாதாரண மக்களின் பிரச்சினையை அனுபவித்தே அறியாத நீங்கள் எப்படித் தீர்ப்பீர்கள் என்று கேட்டார் அவர். எவ்வளவு கூர்மையான கேள்வி! புஷ்ஷுக்கு அது புரியவே இல்லை, கேள்வியை விளக்கச் சொன்னார். எதிர்த்து நின்ற கிளிண்டன் அந்தப் பெண்ணின் அருகில் நடந்து போய், உங்களை எப்படிப் பாதித்தது என்று அவரிடமே கேட்டார். நாம் என்ன செய்தோம்? கடிகாரத்தை எடுத்துக்கொண்டு கேள்வியைத் தொலைத்துவிட்டோம். 2000இல் அல் கோரின் பெருமூச்சு, 2020 துணை அதிபர் விவாதத்தில் மைக் பென்ஸின் தலையில் உட்கார்ந்த ஈ. எல்லாம் நினைவிருக்கிறது. அன்று என்ன கேட்டார்கள்?

முடிந்ததும் வரும் கூத்து இன்னும் கொடுமை. இரு தரப்பு ஆதரவாளர்களும் வரிசையில் நின்று எங்கள் ஆள்தான் வென்றார் என்று நிருபர்களிடம் சொல்ல ஓர் அறையே ஒதுக்குகிறார்கள். பிலடெல்பியாவில் டிரம்ப்பே அந்த அறைக்கு நேரில் வந்தார். மேசையைச் சுற்றி உட்கார்ந்த நிபுணர்கள் யார் தெம்பாக இருந்தார், யார் கேமராவைப் பார்த்தார் என்று மதிப்பெண் போடுகிறார்கள். வென்றது யார் என்று உடனடிக் கருத்துக்கணிப்பு. குத்துச்சண்டையா நடந்தது?

விவாதமே வேண்டாம் என்று சொல்லவில்லை. செப்டம்பர் விவாதத்தைச் சுமார் 6 கோடியே 70 லட்சம் பேர் பார்த்தார்கள். இரண்டு வேட்பாளர்களையும் ஒரே நேரத்தில் அத்தனை பேர் கவனிக்கும் வாய்ப்பு ஒரு தேர்தலில் வேறு எங்கும் வருவதில்லை. அதனால்தான் வயிறு எரிகிறது. 2028இல் மேடை போடுபவர்கள் பாதிக் கேள்விகளைத் தூக்கிவிட்டு மீதியைக் கேட்டாலே போதும். கேட்ட கேள்வியை, வேட்பாளர் பேசி முடிக்கும்வரை திரையின் அடியில் எழுத்தில் நிறுத்தி வையுங்கள். பதில் வராவிட்டால் மறுபடி கேளுங்கள். அப்போதும் வராவிட்டால், "இவர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை" என்று நெறியாளர் வாய்திறந்து சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகட்டும். அதற்காக இரண்டு கட்சிக்காரர்களும் கோபித்துக்கொண்டால், தாராளமாகக் கோபித்துக்கொள்ளட்டும்.