பொன்னாடை வேண்டாம், மிட்வைஃப் குவார்ட்டர்ஸுக்குக் கூரை போடுங்கள்

மட்டக்களப்பில் மரியாதை என்பது சின்ன விஷயம் இல்லை. கோயிலில் காளாஞ்சி என்கிற மரியாதைத் தட்டு எந்தக் குடிக்கு (தாய்வழிக் குலத்துக்கு) முதலில், எந்தக் குடிக்குப் பிறகு என்பதற்காக அண்ணன் தம்பி வருடக்கணக்கில் முகம் பார்க்காமல் இருந்திருக்கிறார்கள். வழக்கு கோர்ட்டுப் படியேறியிருக்கிறது. ஒரு தேங்காய், கொஞ்சம் வெற்றிலை பாக்கு, இரண்டு வாழைப்பழம். பெறுமதி பார்த்தால் ஒன்றுமில்லை. ஊர் முன்னால் யாருடைய பெயரைக் கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள் என்பதுதான் விஷயம். அதனால் "விருது, பாராட்டு எல்லாம் வெறும் பகட்டு" என்று சொல்லிவிட்டுப் போகிற ஆள் நான் இல்லை. மரியாதை கொடுக்கத்தான் வேண்டும். யாருக்கு, எப்படி என்பதில்தான் எனக்குச் சண்டை.

கிராமங்களில் சுகாதார சேவை செய்தவர்களைக் கௌரவிக்கப் போகிறோம் என்று படுவான்கரையில் ஒரு விழாவுக்கு ஒழுங்கு நடக்கிறது. நடத்துகிறவர்கள் யார் என்பது வேண்டாம், நல்ல பொடியன்கள்தான், சிலர் என்னிடம் படித்தவர்கள். பெயர்ப் பட்டியலை அனுப்பி "சேர், பார்த்துச் சொல்லுங்க" என்றார்கள். முதலில் ஓர் அரசியல்வாதி. அடுத்தது வெளிநாட்டிலிருந்து கட்டிலும் சக்கர நாற்காலியும் அனுப்பிய ஒருவர். பிறகு மூன்று விசேட வைத்திய நிபுணர்கள். பிறகு ஏற்கெனவே நாலைந்து பட்டம் வைத்திருக்கிற ஒரு வர்த்தகர் (இப்போது பட்டம் எப்படிக் கிடைக்கிறது என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்). கடைசிப் பக்கத்தின் அடியில் "மற்றும் சுகாதார ஊழியர்கள்" என்று ஒரு வரி. அதில் பெயர் எதுவும் இல்லை.

கட்டில் அனுப்பியவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு நன்றி சொல்லுங்கள், ஒரு கடிதம் எழுதுங்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் நோய் குறைந்ததும், பிள்ளைப்பேற்றில் தாய்மார் சாகிறது அரிதானதும் யாரால் என்று கேட்டால் பதில் அந்த அடி வரிக்குள்தான் இருக்கிறது. மாற்றலுக்கு வாய்ப்பு இருந்தும் கேட்காமல், இந்தப் பக்கத்திலேயே தங்கி நின்றவர்களால்.

தங்கி நிற்பது ஏன் பெரிய காரியம் என்று வெளியூர் ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை: டவுன், போதனா வைத்தியசாலை, பெயர் போன பள்ளிக்கூடங்கள். மேற்கே படுவான்கரை: வயல், குளம், காடு. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலை ஆட்கள் அக்கரைக்குப் போக மண்முனையில் பாதை ஏறவேண்டும். ஆளையும் வாகனத்தையும் சேர்த்து ஏற்றுகிற மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். மண்டூர் ஆட்களுக்குக் குருமண்வெளித் துறை. நடு இரவில் வயிற்றுக்குத்து எழும்பிய பிள்ளைத்தாச்சியோடு துறையில் நின்று, அக்கரையைப் பார்த்துக் கூப்பிட்ட குடும்பங்கள் இன்னும் இங்கே இருக்கின்றன. இப்போது பாலம் இருக்கிறது, 1990க்கு எடுத்தால் அம்புலன்ஸ் வருகிறது, உண்மை. ஆனால் வெல்லாவெளிப் பக்கமோ உன்னிச்சைப் பக்கமோ ஆறு மணிக்குப் பிறகு ரோட்டில் யானை. அம்பாறையில் திருக்கோவிலுக்கு மேற்கே தங்கவேலாயுதபுரம், கஞ்சிகுடிச்சாறு பக்கம் போய்ப் பாருங்கள், அங்கேயும் இதே கதைதான்.

இந்த ரோட்டில்தான் குடும்பநல உத்தியோகத்தர் ஸ்கூட்டியில் போகிறார். ஊரில் "மிட்வைஃப் மிஸ்". ஏறத்தாழ மூவாயிரம் பேருக்கு ஒருவர் என்பது பொதுக் கணக்கு. பக்கத்துப் பிரிவில் வெற்றிடம் என்றால் அதையும் பதில் கடமையாகப் பார்க்க வேண்டும். எந்த வீட்டில் யாருக்கு மாதவிலக்குத் தள்ளிப்போயிருக்கிறது என்பது அந்தப் பெண்ணின் மாமிக்குத் தெரியுமுன் மிஸ்ஸுக்குத் தெரியும். பதிவு செய்வார், கிளினிக்குக்கு வரவைப்பார், பிரஷர் பார்ப்பார், இரத்தம் குறைவென்றால் குளிசை குடித்ததா என்று வீட்டுக்கே வந்து தகரப் பேணியைத் திறந்து எண்ணிப் பார்ப்பார். பிள்ளை பிறந்து வீடு வந்தால் முதல் பத்து நாளுக்குள் இரண்டு தரமாவது வருவார். தாய்க்குக் காய்ச்சலா, இரத்தம் அதிகமாகப் போகிறதா, பிள்ளை பால் இழுக்கிறதா, கண் மஞ்சளா, தொப்புள் காய்ந்ததா. பிறகு ஊசி, நிறை, திரிபோஷா சத்துமா. பிள்ளையின் அட்டையில் நிறைக் கோடு கீழே இறங்கினால் அடுத்த கிழமை மிஸ் வாசலில் நிற்பார்.

வயற்காலத்தில் இது இன்னும் கஷ்டம். வெட்டுக் காலம் என்றால் தாய் வயலில் கட்டிய வாடிக் குடிசையில் இருப்பாள், பிள்ளை அம்மம்மாவோடு, ஊசித் திகதி யாருக்கும் நினைவில்லை. மிஸ் வரம்பில் நடந்துபோய் வாடியில் ஆளைப் பிடிப்பார். இதற்கு எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் கிடையாது.

1926இல் களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவைத் தொடங்கினார்கள். நோயாளி வரும்வரை ஆஸ்பத்திரியில் காத்திராமல் வீடு தேடிப் போகிற இந்த முறைக்கு அதுதான் அடி. 1940களின் நடுவில் இந்தத் தீவில் ஒரு இலட்சம் பிள்ளைப்பேற்றுக்கு ஏறத்தாழ 1,500 தாய்மார் செத்தார்கள். இன்று அது 30ஐ ஒட்டி நிற்கிறது. நம்மைவிடப் பல மடங்கு பணக்கார நாடுகள் சிலவற்றிலும் இந்த நிலை இல்லை. பெரிய ஆஸ்பத்திரிகளும் இரத்த வங்கியும் அன்டிபயோட்டிக்கும் இதில் பங்கு வகித்தன, மறுக்கவில்லை. ஆனால் ஆபத்தான பிள்ளைத்தாச்சியை நேரத்துக்கு அந்த ஆஸ்பத்திரியின் வாசலுக்குக் கொண்டுவந்து விட்டது யார்? போதனா வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை செய்த டொக்டருக்குக் குடும்பம் பழத்தட்டோடு போகும். இரண்டு மாதத்துக்கு முன்னாலேயே பிரஷரைக் கண்டுபிடித்து அனுப்பிய மிஸ்ஸை யாரும் நினைப்பதில்லை. ஆபத்து வராமல் போனால் அங்கே நன்றி சொல்ல ஒரு சம்பவமே இருக்காது. தடுக்கிற வேலையின் சாபம் அது.

மலேரியாவை எடுங்கள். 1934, 35இல் வந்த கொள்ளைநோயில் நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் செத்தார்கள். டிடிடி என்ற நுளம்பு மருந்தை அடித்து, 1963இல் நாடு முழுக்கவே 17 பேர் என்ற அளவுக்குக் கொண்டுவந்தார்கள். எல்லாம் முடிந்தது என்று கை தளர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடியுமுன் ஐந்து இலட்சம் பேருக்கு மேல் காய்ச்சலில் கிடந்தார்கள். பிறகு திரும்பவும் முதலிலிருந்து. என் வயதுக்காரருக்கு பிறகு அடித்த மலத்தியன் மருந்தின் மணம் மறந்திருக்காது. முதுகில் டாங்கியோடு வந்து, வீட்டுச் சாமானெல்லாம் வெளியே எடுக்கச் சொல்லி, சுவரெல்லாம் அடித்துவிட்டுப் போவார்கள். அம்மாமார் ஏசுவார்கள். சண்டைக் காலத்திலும், இரண்டு பக்கத்துச் சென்றியையும் (காவலரணையும்) தாண்டி, அந்த வேலை எங்கள் பக்கத்தில் நடந்தது. விரல் குத்தி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் பூசிக்கொண்டு போனவர்கள் சைக்கிளில்தான் போனார்கள். 2012 ஒக்டோபருக்குப் பிறகு ஏறத்தாழ நாலு வருடம் உள்நாட்டில் தொற்றிய ஒரு மலேரியாவும் இல்லை. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. அந்த மருந்தடித்தவர்களில் ஒருவரின் பெயரையாவது சொல்ல முடியுமா? எனக்கு இரண்டு பேரைத் தெரியும். ஒருவர் இப்போது மீன் விற்கிறார்.

சண்டைக் காலம் என்றால் அப்போதிக்கரிமாரை, அதாவது டொக்டர் இல்லாத இடத்தில் வைத்தியம் பார்த்த உதவி வைத்தியர்களை, விடமுடியாது. டொக்டர் வராத, வந்தாலும் நிற்காத ஆஸ்பத்திரிகளை எத்தனையோ வருடம் தூக்கிப் பிடித்தது அவர்கள்தான். அந்தப் படிப்பு இப்போது இல்லை, ஆட்களும் குறைந்துவிட்டார்கள். ஒரு நிபந்தனை வைக்கிறேன் தம்பிமாரே: உயிரோடிருக்கிற அப்போதிக்கரி ஒருவரையாவது தேடிப் பிடிக்காமல் இந்த விழாவை நடத்தாதீர்கள். 2006 கடைசியில் வாகரை ஆஸ்பத்திரியைச் சுற்றி ஆயிரக்கணக்கான சனம் அடைந்து கிடந்தபோது உள்ளே நின்ற தாதிமார், சிற்றூழியர், தொண்டர் எல்லாருடைய கதையையும் எழுதி வைக்கவும் ஆள் வேண்டும். இன்னும் பத்து வருடம் போனால் கேட்க ஆள் இருக்காது.

"அவங்க சம்பளத்துக்குத்தானே சேர் வேலை செய்றாங்க, அதுக்கென்ன விருது?" என்று குழுவில் ஒரு தம்பி கேட்டார். அரசியல்வாதிக்கும் சம்பளம் உண்டு தம்பி, வாகனமும் உண்டு.

ஆனால் அந்தக் கேள்விக்குள் யோசிக்க ஒன்று இருக்கிறது. 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் ஆஷா பெண்களுக்கு விருது கொடுத்தது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்கள், கர்ப்பிணிகளைப் பார்க்கிறவர்கள், கொரோனாவில் வீடு வீடாகப் போனவர்கள். உலகமே கை தட்டியது. அவர்களுக்கு ஒழுங்கான மாதச் சம்பளம் கிடையாது, ஊக்கத்தொகைதான். 2025இல் கேரளத்தில் அதே பெண்கள் தலைமைச் செயலகத்துக்கு முன்னால் மாதக்கணக்காக இருந்து போராடினார்கள். கௌரவத்தைக் கொடுத்துவிட்டுக் கூலியைக் கொடுக்காமல் விடுவது என் பார்வையில் ஏமாற்று. இங்கே குடும்பநல உத்தியோகத்தருக்கு நியமனம், சம்பளம், ஓய்வூதியம் எல்லாம் உண்டு, அந்த அளவில் நாங்கள் பரவாயில்லை. ஆனால் வடக்கு கிழக்கில் சுகாதாரத் தொண்டர்களாக வருடக்கணக்கில் வேலை செய்துவிட்டு நிரந்தர நியமனம் கேட்டு ரோட்டோரம் கொட்டில் போட்டு இருந்தவர்களை நாங்களும்தான் பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டு போனோம்.

டொக்டர் மேரி இரட்ணம் என்று ஒருவர். கனடாவில் பிறந்து, மருத்துவராக இலங்கைக்கு வந்து, தமிழர் ஒருவரை மணந்து, கடைசிவரை இங்கேயே இருந்துவிட்டவர். கிராமத்துப் பெண்களுக்காக லங்கா மகிளா சமிதியைத் தொடங்கினார். 1958இல் ஆசியாவின் பெரிய விருதான மகசேசே விருது கிடைத்தபோது அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. அவருக்காவது வந்தது. எங்கள் மிஸ்மாருக்கு மாலை விழுகிறது மாற்றலாகிப் போகிற நாளில்தான். போகிறவருக்கு விழா எடுக்கிறோம், நிற்கிறவரைக் கணக்கில் எடுப்பதில்லை.

எல்லா மிட்வைஃபும் தெய்வம் என்று நான் சொல்லவில்லை. என் சொந்தத்துப் பிள்ளையொன்றை, நாலாவது கர்ப்பம் என்பதற்காக ஒரு கிளினிக்கில் எல்லார் முன்னாலும் ஏசி அனுப்பினார்கள். அவள் பிறகு அந்தப் பக்கம் போகவே மாட்டேன் என்றாள். வேறொரு மிஸ் வீட்டுக்கு வந்து திண்ணையில் இருந்து ஒரு மணித்தியாலம் கதைத்துத்தான் திரும்ப அழைத்துப் போனார். ஆகவே யாருக்கு மரியாதை என்று முடிவெடுக்கப் பணிப்பாளரிடமோ பிரதேச செயலாளரிடமோ சிபாரிசு கேட்க வேண்டாம். தாய்மாரிடம் கேளுங்கள். நெல் குத்துகிற இடத்தில், கிளினிக் வாங்கில், கண்ணகியம்மன் சடங்குக்குச் சனம் கூடுகிற நேரத்தில் கேளுங்கள். ஒரே கிழமையில் பெயர் வந்துவிடும். (கோயிலில் காளாஞ்சியும் மிஸ்ஸுக்கே கொடுங்கள் என்று நான் சொன்னதாகக் கதை கட்டிவிடாதீர்கள், எனக்கு ஊரில் இருக்க வேண்டும்.)

நான் கேட்டுப் பார்த்தேன். ஒரு பெரியம்மா சொன்னது: "மால என்னத்துக்கு மனே? அந்தப் புள்ள இரிக்கிற குவாட்டஸ் ஒழுகுது. அதப் பாருங்க முதல்ல."

குவார்ட்டர்ஸைப் போய்ப் பார்த்தோம். கூரைச் சீட் வெடித்திருக்கிறது, கிணற்றுக்குக் கட்டு இல்லை, பின்பக்க வேலி யானை மிதித்தபடி கிடக்கிறது. சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு அங்கே இரவு தங்க எந்தப் பெண் விரும்புவாள்? அதனால் டவுனிலிருந்து வந்து போகிறார்கள், வந்து போகிறவர்கள் ஒரு நாள் மாற்றலோடு போய்விடுகிறார்கள். ஆசிரியர்களான எங்களுக்கும் இதே வியாதிதான், கஷ்டப் பிரதேசத்தில் வருடத்தை எண்ணிக்கொண்டிருப்பது. பிள்ளையின் பள்ளிக்கூடம் இன்னொரு காரணம், அதை ஊரால் உடனே தீர்க்க முடியாது. கூரையைத் தீர்க்கலாம். மண்டபம், பந்தல், சாப்பாடு, நினைவுச் சின்னம் என்று போட்ட பட்ஜெட்டைப் பார்த்தேன். அதில் பாதிக்குச் சீட் மாற்றி, கிணறும் கட்டலாம் என்று மேசன் சொல்கிறார். கட்டடம் திணைக்களத்தினுடையது என்பதால் சுகாதார வைத்திய அதிகாரியிடம் அனுமதி எடுக்க வேண்டும், அதற்குக் கடிதம் எழுதித் தர நான் தயார். மிஸ்ஸிடமும் முதலில் கேளுங்கள், விளம்பரம் பிடிக்காத ஆளாக இருந்தால் போட்டோவும் வேண்டாம்.

மிச்சம் இரண்டு வேலை பிரதேச சபையினுடையது. கிளினிக்குக்குத் திரும்புகிற சந்தியில் எரியாமல் கிடக்கிற வீதி விளக்கு, அதிலிருந்து குவார்ட்டர்ஸ்வரை கிறவல் ரோட்டு. எங்கள் வட்டாரத்து உறுப்பினர் இந்தப் பதிவை வாசிப்பார் என்று தெரியும், போன பதிவுக்கு முதல் லைக் அவருடையதுதான். கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கடிதம் உங்கள் கையில் இருக்கிறது தம்பி. வரவுசெலவுத் திட்டத்துக்கு முன் அதைச் சபையில் வையுங்கள், என்ன சொன்னார்கள் என்பதை இங்கேயே எழுதுங்கள்.